சிவப்பு வாளிக்குப் போன கேமரா

1

பாளையங்கோட்டையிலிருந்து ஐதராபாத்துக்கு வந்தவளைப் புலம்பெயர்ந்தவள் என்று சொல்லலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு சர்ச்சை உண்டு. சர்ச்சையின் இரண்டு தரப்பும் என் அம்மாதான். கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால், “மவ வெளிய இருக்கா” என்று என்னை நாடு கடத்திவிடுவாள். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னால் மட்டும் ஐதராபாத் சட்டென்று பக்கத்து ஊராகிவிடும். இந்தா இருக்கு, ரயிலேறிப் படுத்தா எறங்கிரலாம் என்பாள்.

என் கட்சி இது: பாஸ்போர்ட் மட்டும்தான் கேட்கவில்லை. கொண்டாப்பூரில் நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் சேர்ந்தபோது என் ஆதார், ஆபீஸ் அட்டை, அப்பாவின் ஆதார், உள்ளூரில் எனக்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் ஆதார், அந்த ஒருவர் நிஜம்தான் என்று அவரே போனில் சொல்வது, எல்லாம் கேட்டார்கள். இப்போது மூன்றாவது வருடம் பிறந்திருக்கிறது. எனக்கு முன்னால் அதை நினைவு வைத்திருந்தது விடுதியின் செயலிதான். வாழ்த்துகள், உங்கள் ஆவணங்கள் காலாவதியாகிவிட்டன, மறுபடி ஏற்றவும் என்று காலையில் செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் பார்த்த உற்சாகத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இத்தனை நாளில் தெலுங்கு கற்றுக்கொண்டாயா என்று ஊரில் கேட்கிறார்கள். கொஞ்சம். அதைவிட நன்றாகக் கற்றுக்கொண்டது பொருட்களைத் திறப்பது. மூடுவதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

2

எல்லாம் ஒரு பல்குத்தும் குச்சியில் ஆரம்பித்தது.

வந்த புதிதில் என் போன் சார்ஜ் ஏற மறுத்தது. வயரை ஒரு கோணத்தில் வளைத்து, அதன்மேல் தேங்காய் எண்ணெய் பாட்டிலைச் சாய்த்து வைத்தால் ஏறும். பாட்டில் அசைந்தால் நின்றுவிடும். ஒரு மாலில் இருந்த கடைக்காரர் போனைக் கையில் வாங்காமலே, “மதர்போர்டு, மேடம்” என்றார். ஆஸ்பத்திரி வாசலில் சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரல். கையோடு புது போனுக்குத் தவணை முறைகளையும் விளக்கினார். அறைக்கு வந்து, கோபத்தில், பல்குத்தும் குச்சியை சார்ஜ் துளைக்குள் விட்டேன். பஞ்சு வந்தது. என் ஜீன்ஸ் பையின் பஞ்சு, கெட்டியாக, உருண்டையாக, ஒரு எலிக்குத் தலையணை தைக்கலாம் என்கிற அளவுக்கு வந்தது. வயரை மாட்டினேன். ஏறியது. அன்றைக்குக் கெட்டுப்போனவள்தான் நான்.

ஆபீஸில் என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அடுத்தவர் தலையில் கட்டுவதோடு என் இலாகா முடிந்துவிடும். சரிசெய்வது வேறு மாடி. அதனால், தப்பைக் கண்டுபிடித்த அதே கையால் சரியும் செய்தது எனக்கு ஒரு போதையாகிவிட்டது. வாரக் கடைசிக்குள் ஸ்க்ரூ டிரைவர் செட், நுனி வளைந்த இடுக்கி, சால்டரிங் அயர்ன் எல்லாம் வாங்கினேன். அறைத்தோழியின் ஒற்றைக் காது மட்டும் பாடும் இயர்போனைத் திறந்தேன். இரண்டு காதும் பாடாமல் போயின. அவள் நல்லவள். சமத்துவம் வந்துவிட்டது என்றாள்.

விடுதி வார்டன்தான் பெரிய தடை. அறையில் அயர்ன் பாக்ஸ் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. சால்டரிங் அயர்னும் அயர்ன்தானே என்பது அவர் வாதம். இதில் துணி தேய்க்க முடியாது என்று விளக்கினேன். தேய்க்கவும் முடியாத அயர்னை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டார். ஈயத்தை உருக்க என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எழுத்து மூலம் அனுமதி கேட்கச் சொன்னார், கேட்டேன். மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். மேலிடம் என்பது அவர் கணவர். அவர் கீழ்த்தளத்தில் மெஸ் நடத்துகிறார்.

ஆகவே என் பட்டறையைக் குஷாய்குடாவுக்கு மாற்றினேன்.

3

குஷாய்குடாவில் என் பெரியம்மா மகள் உமா அக்கா இருக்கிறாள். விடுதிக்கு எனக்காகப் பொறுப்பேற்ற அந்த ஒருவர் அவள்தான். சனிக்கிழமை மெட்ரோ பிடித்து ஹப்சிகூடாவில் இறங்கி, நாச்சாரம் ஆலைகளின் மணங்களை வரிசையாக முகர்ந்தபடி ஷேர் ஆட்டோவில் போனால் அக்கா வீடு. கல்யாணமாகி வந்தவள் அப்படியே திருநெல்வேலியாகத்தான் இருக்கிறாள்.

அத்தான் அங்கே இருக்கும் பெரிய அரசு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். அவர் தாத்தா காலத்திலேயே செகந்தராபாத் ரயில்வே காலனிக்கு வந்துவிட்ட குடும்பம். அவருடைய தமிழில் ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ எல்லாம் கறிவேப்பிலை மாதிரி, எடுத்துப் போட முடியாது. எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்காரர் வீட்டில் ஒரு பட்டறை என்றால் மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வீட்டில் டார்ச் லைட் எரியவில்லை என்றால் டார்ச் லைட்டையே மாற்றுகிற ஆள். பேட்டரியை மாற்றிப் பார்க்கலாமே என்றால், “நக்கோமா. ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது” என்பார். அவருக்கு புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது வருகிற வாசனை பிடிக்கும். பழைய பொருட்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிமேல் ஏற்றிவிடுவார். அந்த டின்னைப் பார்த்த நாளில் எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அவர்கள் மகள் நிலா, நான்காம் வகுப்பு. எனக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம், ஆனால் எங்களுக்குள் ஒரு பாலம் எப்போதும் பாதிதான் இருக்கும். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். ஒரு சொல் விடாமல் புரியும், ஆனால் வாய் திறந்தால் தெலுங்கு. சித்தி என்று கூப்பிடச் சொன்னால், பின்னி என்பாள். தமிழில் சொல்லேன் என்றால், “நாகு தமிள் ராது” என்று, தனக்குத் தமிழ் வராது என்பதைத் தெலுங்கில் தெளிவாகச் சொல்லிவிடுவாள்.

இதற்கு அக்கா கண்டுபிடித்திருக்கும் பதில் அருமையானது. காய்கறிக்காரரிடம் தெலுங்கில் சண்டை போட்டு ஜெயிக்கிறவள், மகள் ஏதாவது புகாரோடு வந்தால் மட்டும் தெலுங்கு தெரியாதவளாகிவிடுவாள். “என்ன சொல்லுதான்னே வெளங்கல” என்று என்னைப் பார்ப்பாள். நிலா மூச்சு வாங்க இன்னொரு முறை சொல்வாள். அக்கா மறுபடி விளங்காமல் நிற்பாள். ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒருவர் மொழி ஒருவருக்கு நன்றாகத் தெரிந்தும், தெரியாததுபோலவே குடித்தனம் நடத்துவதை அங்கேதான் பார்த்தேன்.

4

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனபோது நிலா பிஸ்கட் டின்னோடு வாசலில் காத்திருந்தாள். விஷயம் இது. திங்கட்கிழமை அவள் வகுப்பை கோல்கொண்டா கோட்டைக்கு அழைத்துப் போகிறார்கள். போன் கொண்டுவரக் கூடாது, கேமரா இருந்தால் கொண்டுவரலாம். இந்தக் காலத்தில் யார் வீட்டில் தனியாகக் கேமரா இருக்கிறது? என் வீட்டில் இருக்கிறது என்று நிலா கை தூக்கிவிட்டாள். டீச்சர் அவளை வகுப்பின் போட்டோகிராபர் என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் கை தட்டிவிட்டார்கள். யார் பக்கத்தில் யார் நிற்பது என்று பெண்கள் நடுவில் பேச்சுவார்த்தை தொடங்கி, ஒரு நட்பு முறிந்தும்விட்டது.

கேமரா இருந்தது உண்மை. அது செத்து எத்தனையோ வருடமானது என்பதை அவள் டீச்சரிடம் சொல்லவில்லை.

டின்னிலிருந்து எடுத்தேன். கைக்குள் அடங்குகிற வெள்ளி நிறக் கேமரா. லென்ஸ் பாதி வெளியே வந்து, டாக்டரிடம் நாக்கை நீட்டிய நிலையிலேயே உறைந்திருந்தது. ஆன் செய்தால் கர் கர் என்று ஒரு சத்தம், திரையில் லென்ஸ் கோளாறு என்று ஒரு வரி, அப்புறம் இருட்டு. அக்காவிடம் வரலாறு கேட்டேன். நிலாவுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்றைக்கு, கடற்கரையில், மொட்டைத் தலையோடு அவள் பிடுங்கி மணலில் போட்டதாம்.

“அப்ப பொதைச்சே வச்சிட்டாட்டி. தோண்டி எடுத்தோம்,” என்றாள் அக்கா. “சவம், அன்னைக்கே அங்கனயே விட்டுட்டு வந்துருக்கணும்.”

நோய் தெரிந்துவிட்டது. லென்ஸின் பல்சக்கரத்தில் திருச்செந்தூர் மணல்.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறு கருவிகளில் ஸ்க்ரூக்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளம் மட்டும் நூலிழை மாறும். நீளமானதைக் குட்டையானதின் துளையில் போட்டால் அது உள்ளே போய் பலகையைக் குத்திக் கொன்றுவிடும். அதனால் கழற்றுகிற வரிசையிலேயே தனித்தனியாக வைக்க வேண்டும். இதற்கென்று காந்தத் தட்டு விற்கிறார்கள். ஆனால் ஆண்டவன் அதற்காகவே படைத்தது இட்லித் தட்டுதான். ஸ்க்ரூவுக்கு ஒரு குழி, அலுமினியத் தட்டில் ஸ்க்ரூ விழுந்தால் சத்தம் கேட்கும், உருண்டு ஓடாது. அக்காவின் இட்லித் தட்டுகளை டைனிங் டேபிளில் பரப்பினேன். கேமராவின் மேல்புற ஸ்க்ரூ ஒரு குழியில், பக்கவாட்டு ஸ்க்ரூக்கள் அடுத்த குழியில். நிலா ஒவ்வொரு குழியையும் தன் அதிகாரத்துக்குள் எடுத்துக்கொண்டு, யாரும் மேஜையை ஆட்டக் கூடாது என்று தெலுங்கில் சட்டம் போட்டாள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்தேன். கேமராவின் ஃப்ளாஷுக்குப் பக்கத்தில் மருந்துக் குப்பி அளவில் ஒரு உருளை உண்டு. வெளிச்சத்துக்கான மின்சாரத்தை அது சேர்த்து வைத்துக்கொள்ளும். சற்றுமுன்தான் நான் ஆன் செய்து பார்த்திருந்தேன். இடுக்கி அதில் பட்டதும் என் கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் மேலே போனது, இடுக்கி ஃபேன் வரை போனது. அத்தான் சோபாவிலிருந்து தலையைத் திருப்பாமல், “கைக்கு டென்ஷன்? நல்ல கேமராவா ஆர்டர் போட்டா புதன்கிழமை வந்துரும்” என்றார். அவர் பாஷையில் கைக்கு என்றால் எதற்கு. திங்கட்கிழமைதான் வேண்டும் என்று நிலா அழுதாள். அதற்குப் பிறகு கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, ஒரு மணல்துகளை எடுத்தேன். ஒன்றுதான். கடுகில் பாதி. நிலா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். மூன்று வயதில் அவள் செய்த காரியம், இப்போது அவள் கையில்.

சக்கரம் சுற்றியது, லென்ஸ் உள்ளே போய் வெளியே வந்தது. மூடுவது மட்டும் பாக்கி. ஆனால் இடுக்கி ஃபேனில் அடித்து நுனி மழுங்கிவிட்டது. காலையில் புதிது வாங்கி வந்து மூடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அன்றைக்கு எனக்கு மிக நல்ல தூக்கம்.

5

இடையில் ஊர்ப் பக்கம். எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் பழுதுபார்ப்பது என்றால் அடிப்பது. டிவியைப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும், ரிமோட்டை உள்ளங்கையில் அடிக்க வேண்டும், அப்பாவின் ரேடியோவைத் தொடையில். யாருக்கு எந்த இடத்தில் எத்தனை வேகத்தில் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். நான் சால்டரிங் செய்கிறேன் என்று வீடியோ காலில் காட்டிய அன்று அம்மா சட்டென்று போனை வைத்துவிட்டாள். அடுத்த வாரம் சித்தி ஒருத்தி ரகசியமாக என்னைக் கூப்பிட்டாள். வேலை போய்விட்டதா, ரிப்பேர் கடை வைத்திருக்கிறாயாமே, அம்மா அழுகிறாள் என்றாள். இல்லை, இது பொழுதுபோக்கு என்றேன். பொழுதுபோகாமலா ஐதராபாத்துக்குப் போனாய் என்றாள்.

6

ஞாயிறு காலை இடுக்கியோடு திரும்பி வந்தேன். டைனிங் டேபிள் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. துடைத்துத்தான் வைத்திருந்தார்கள். சமையலறையில் இட்லி வெந்துகொண்டிருந்தது.

ஸ்க்ரூக்கள் எங்கே என்றேன். ஒரு கிண்ணத்தைக் காட்டினாள் அக்கா. எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. சரி, அளந்து பிரித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கேமரா எங்கே என்றேன். அக்கா கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒரு புதுச் சிவப்பு வாளி நின்றது. அதில் துணி ஊறிக்கொண்டிருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு: இங்கே பைக்கில் ஒருவர் வருவார். பின்னால் பிளாஸ்டிக் வாளி, பேசின், மக், கூடை எல்லாம் கோபுரமாகக் கட்டியிருக்கும். முன்னால் ஒரு குழாய் ஸ்பீக்கர். செத்துப்போன செல்போன், சார்ஜர் எது கொடுத்தாலும் வாளி தருவார். நான் இந்த ஊரில் பகைவன் என்று கருதும் ஒரே மனிதர். அக்கா பிஸ்கட் டின் முழுவதையும், மேலே அலங்காரமாகக் கேமராவையும் அவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

“தெறந்து கெடந்துச்சேட்டி,” என்றாள். “நீ தெறந்தது எதையும் நீ மூடி நான் பாத்ததில்லையே.”

அநியாயம் என்று கத்த வாயைத் திறந்தேன். ஆனால் அது உண்மையாக இருந்தது. அறைத்தோழியின் இயர்போன் இன்னும் என் பையில் ஒரு கவரில்தான் இருந்தது.

நிலா அழக்கூட நேரமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

தெருவுக்கு ஓடினோம். வழக்கமாக அந்த ஸ்பீக்கர் மூன்று தெரு தள்ளி இருந்தாலும் காதைக் கிழிக்கும். அன்று பார்த்து எங்கும் நிசப்தம். குஷாய்குடாவின் அமைதியை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன், அதை அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை. அப்போது நிலா என் துப்பட்டாவை இழுத்து ஒரு கேட்டைக் காட்டினாள். உள்ளே ஒரு புது நீல மக், விலைச்சீட்டு கூடப் பிரிக்காமல். அடுத்த தெருவில் ஒரு அம்மா புதுப் பச்சைக் கூடையைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் போனார் என்று நிலா தெலுங்கில் விசாரித்தாள். மஞ்சள் பேசின் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. ரோஸ் ஸ்டூல் நேரே போகச் சொன்னது. டீக்கடை முன்னால், தீர்ந்துபோன கோபுரத்தோடு, ஆளைப் பிடித்துவிட்டோம்.

பெயர் யாதகிரி. குரல் முழுதாகப் போயிருந்தது. காலையில் ஸ்பீக்கர் செத்துவிட்டதாம், அதுமுதல் தொண்டையால் கத்தி வியாபாரம் செய்து, இப்போது டீக்கடையில் சைகையில் டீ கேட்கிற நிலை. கேமராவைத் திருப்பிக் கேட்டோம். கொடுத்தது கொடுத்ததுதான் என்று கிசுகிசுத்தார். வாளியைத் திருப்பித் தருகிறோம் என்றேன். துணி ஊறப்போட்டாச்சா என்று கேட்டார். நான் பொய் சொல்லத் தயாரானேன், நிலா தலையை ஆட்டிவிட்டாள். பழைய வாளியை யார் வாங்குவார்கள் என்று அவர் கையை விரித்தார். வாழ்நாள் முழுக்கப் பழைய பொருள் வாங்குகிற மனிதர் சொல்கிறார்.

நான் அந்தக் குழாய் ஸ்பீக்கரைப் பார்த்தேன். அதைச் சரிசெய்து தருகிறேன், கேமராவைக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதலில் இது பேசட்டும், அப்புறம் அது என்றார்.

7

அக்கா வீட்டு வாசலில் பைக் நின்றது. இட்லித் தட்டுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்ததால் எனக்குக் குழிப்பணியாரச் சட்டி ஒதுக்கப்பட்டது. ஸ்பீக்கரைத் திறந்தேன். உள்ளே பேட்டரியிலிருந்து வருகிற சிவப்பு வயர், குஷாய்குடாவின் வேகத்தடைகளில் குதித்துக் குதித்து, பற்று விட்டுத் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாய் வந்தன, ஏனென்றால் இவ்வளவுதான் என்று நினைத்த பிறகுதான் நான் எப்போதும் எதையாவது கொல்வேன். அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். தங்கள் பிரிவில் இந்த ஒரு வயரைத் தொட மூன்று பேர் கையெழுத்து போட வேண்டும் என்றார். ஏக்கமா எச்சரிக்கையா தெரியவில்லை.

ஈயம் உருகி, பற்று பளபளவென்று உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது. பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள், எழுத்தெல்லாம் அழிந்துபோய். இதுதான் பேசும் பொத்தான் என்று ஒன்றை அமுக்கினேன். சத்தம் வரவில்லை. விட்டு விட்டு அமுக்கியபடி குழாயில் காதை வைத்தேன்.

இதே நேரம் கேட் பக்கத்தில் அம்மா மகள் யுத்தம். நிலா அழுகையும் தெலுங்குமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம், நாளைக்கு வகுப்பில் என்ன சொல்வது என்று. அக்கா வழக்கம்போல், “என்ன சொல்லுதான்னு ஒண்ணும் வெளங்கல” என்று வானத்தைப் பார்த்தாள். தப்பிக்க இடமே இல்லாமல் செய்ய வேண்டும் என்று நிலா அப்போதுதான் முடிவு செய்திருக்க வேண்டும். அவள் தெலுங்கை நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். வீடே அதிர, அச்சுப்பிசகாத திருநெல்வேலியில், அவள் அம்மாவின் குரலிலேயே கத்தினாள்:

“யம்மா! வாளியக் குடு, கேமராவ வாங்கு!”

அத்தான் கையைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தார். அக்காவின் முகத்தில் குற்ற உணர்வு தெரியும் என்று பார்த்தேன். பெருமைதான் வழிந்தது. நான் திகைப்பில் பொத்தானை விட்டுவிட்டு, இன்னொன்றை அமுக்கினேன்.

குழாய் பேசியது. மூன்று தெருவுக்குக் கேட்கும்படி, நிலாவின் குரலில், அதே வாக்கியம். மறுபடி. மறுபடி.

முதல் பொத்தான் பதிவு செய்கிற பொத்தான். யாதகிரியின் பழைய பதிவு அழிந்தேபோய்விட்டது. கதை முடிந்தது என்று அவரைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. பழைய பதிவு அவருடைய மச்சினன் குரலாம். ஒரு தடவை பேசிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுகிற மச்சினன். சரி, புதிதாகப் பதிந்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை உயர்த்தி, மேலே காட்டினார். சுற்றியிருந்த பால்கனிகளில் எல்லாம் தலைகள். குழந்தைக் குரல் கேட்டு என்னவோ ஏதோ என்று வெளியே வந்தவர்கள். மச்சினனுக்கு இப்படி யாரும் எட்டிப் பார்த்ததில்லையாம். இதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் நிலாவிடம் கேட்டார்.

நிலா ஒரு கணம் அவர் கையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். பிறகு, கேமராவைக் கொடுங்கள், வாளி வாங்கிக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் சொன்னாள். நான் தரையைப் பார்த்தேன். கேமரா இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.

வந்தது.

8

ஸ்க்ரூக்களை அளந்து, பிரித்து, ஒவ்வொன்றாக மாட்டினேன். ஒன்று குறைந்தது. மேல்மூடியின் ஸ்க்ரூ. அது இல்லாவிட்டால் மூடி நிற்காது. மேஜைக்கு அடியில், சோபாவுக்கு அடியில், அக்காவின் கிண்ணத்தில், எங்கும் இல்லை. நிலா என் அருகிலேயே உட்கார்ந்து, “பின்னி, அயிபோயிந்தா?” என்று முடிந்துவிட்டதா முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலையில் மிஞ்சிய இட்லி. அத்தான் இரண்டாவது இட்லியில் நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ எடுத்து, சாம்பாரைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“மரை நல்லா இருக்கு,” என்றார். “துரு இல்ல. பாஸ்.”

அவர் வீட்டில் செய்த முதல் தரச் சோதனை அதுதான். ஸ்க்ரூ பொருந்தியது. ஸ்பீக்கரை யாதகிரியே மூடிக்கொண்டு போனார். நான் திறந்து, நானே மூடிய முதல் பொருள் கேமராதான் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அக்கா தானாகவே எல்லோரிடமும் சொன்னாள்.

திங்கட்கிழமை மாலை ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது படங்கள் வந்தன. எதிரொலி கேட்க வாயிலில் கை தட்டுகிற பிள்ளைகள், படியில் மூச்சு வாங்குகிற டீச்சர், நட்பு முறிந்த இருவர் ஒரே பீரங்கிமேல். கேமராவின் கடிகாரம் மட்டும் இத்தனை வருடம் பட்டினி கிடந்ததில் எல்லாம் மறந்து ஆதியிலிருந்து தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அந்தப் பிள்ளைகள் ஒருவரும் பிறந்திராத ஒரு வருடத்தின் ஜனவரி ஒன்றாம் தேதி. டீச்சர் இது பள்ளிக்கூட ஆவணத்துக்கு ஆகாது, சரியான தேதியோடு கடிதம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாராம். அத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். கையெழுத்துக்கு மூன்று பேர் தேடுகிறார்.

9

அடுத்த ஞாயிறு. அக்கா வீட்டில் இருக்கும்போது தூரத்தில் அந்தக் குரல் கேட்டது. யம்மா, வாளியக் குடு, கேமராவ வாங்கு. தெருவுக்குத் தெரு நெருங்கி வந்தது. தமிழ் வராத பிள்ளையின் தமிழ், குஷாய்குடா முழுக்க, ஓய்வில்லாமல். நிலா தலையணைக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பைக் எங்கள் வாசலில் வந்து நின்றது. யாதகிரிக்குக் குரல் திரும்பிவிட்டிருந்தது, பார்வையில்தான் கலக்கம். வியாபாரம் என்னவோ அமோகமாம். குழந்தைக் குரலைக் கேட்டு எல்லோரும் வெளியே வருகிறார்கள். ஆனால் ஆலைக் குடியிருப்புப் பக்கம் போனால் மட்டும் சிலர் பழைய வாளியோடு வந்து, அவர் கையில் திணித்துவிட்டு, நகராமல் நிற்கிறார்களாம். ஏன் என்றே புரியவில்லை என்றார். அவர் பின்னாலேயே நடந்து வந்திருந்த ஓர் அம்மா, சேலத்துக்காரர், கைப்பிடி உடைந்த வாளியைக் கீழே வைத்தார்.

“நல்ல கேமராவா இருந்தாப் போதுங்க,” என்றார் என்னைப் பார்த்து. “பையனுக்குத்தானுங்க.”

நான் நிலாவை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினேன். அவள் யாதகிரியைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். தெலுங்கில் ஆரம்பித்தாள். சேலத்தம்மாவுக்கு உண்மையாகவே தெலுங்கு தெரியாது. நிலா பெருமூச்சு விட்டாள்.

“ஆன்ட்டி, அது எங்கம்மாவுக்குச் சொன்னது,” என்றாள். “ஒங்களுக்கு இல்ல.”

சொல்லி முடிக்கவில்லை, பின்னால் கொல்லைக் கதவு திறந்தது. அக்கா வந்தாள். கையில் அந்தச் சிவப்பு வாளி, கழுவித் துடைத்து, புதிதுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. சேலத்தம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்:

“ஏட்டி, என்னென்ன கேமரா வச்சிருக்கான்னு கேளு.”